கடவுளுக்கு முதல் கவர்

எங்கள் வீட்டில் மாதாமாதம் முதல் தேதி ஒரு சடங்கு நடக்கும். அப்பா உதவிபெறும் பள்ளி ஒன்றில் ஆசிரியர். சம்பளத்தோடு வீட்டுக்கு வந்ததும் கைகால் கழுவிவிட்டுச் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து பணத்தை எண்ணுவார். பால் கணக்கு, மளிகைக்கடை பாக்கி, எங்கள் படிப்புச் செலவு எல்லாவற்றுக்கும் முன்னால் பத்தில் ஒரு பங்கை எடுத்து ஒரு பழுப்பு நிறக் கவரில் போட்டு, ஒட்டி, வேதாகமத்துக்குள் வைத்துவிடுவார். ஞாயிற்றுக்கிழமைவரை அது அங்கேயே இருக்கும். ஒருமுறை எனக்கு டைபாய்டு வந்து ஆஸ்பத்திரியில் சேர்த்தபோது அம்மா கம்மலை அடகு வைத்தாள். கவர் அப்போதும் வேதாகமத்துக்குள்தான் இருந்தது. "முதல்ல ஆண்டவருக்கு. மிச்சம்தான் நமக்கு" என்பார் அப்பா.

அவரைக் கேலிசெய்ய இதை எழுதவில்லை. அந்தக் கவரில் பாசாங்கு கிடையாது. தன்னைவிடப் பெரிய ஒன்றுக்குத் தான் கடன்பட்டவன் என்று ஒரு ஏழை வாத்தியார் மாதாமாதம் தனக்கே நினைவூட்டிக்கொண்டார். நான் கேட்க வந்தது வேறொரு கேள்வி. பணத்தில் கடவுளுக்கு முதலிடம் கொடுத்த அதே மனிதரால், தூத்துக்குடி மாவட்டத்தின் அதே வீட்டில், அதே மேசையில் உட்கார்ந்துகொண்டு, வேறொரு விஷயத்தில் அவருக்குக் கடைசி இடம்கூடக் கொடுக்க முடியாமல் போனது எப்படி?

2009இல் நான் இன்ஜினியரிங் மூன்றாம் வருடம். அக்கா ஒருவரைக் கல்யாணம் செய்துகொள்ள விரும்புவதாக வீட்டில் சொன்னாள். பக்கத்துச் சேகரத்துக்காரர். பாடகர் குழுவில் பாடுகிறவர். அரசு வேலை. மூன்று தலைமுறையாகக் கிறிஸ்தவர்கள். நாங்கள் வாசிக்கும் அதே வேதாகமம், நாங்கள் பாடும் அதே பாட்டுப் புத்தகம். அவர்கள் தலித் கிறிஸ்தவர்கள், நாங்கள் இல்லை. அவ்வளவுதான் வித்தியாசம். எங்கள் சாதியின் பெயரை நான் இங்கே எழுதவில்லை. எழுதினால் படிப்பவர்களில் பாதிப் பேர் 'அவங்க அப்படித்தான்' என்று நிம்மதியாக நகர்ந்துவிடுவீர்கள். எந்தப் பெயரைப் போட்டாலும் கதை இதேதான்.

"ஊருக்குள்ள நான் எப்படிட்டி நடக்க?" என்றார் அப்பா.

"ஆண்டவருக்குத்தான் முதலிடம்னு நீங்கதானேப்பா சொல்லுவீங்க" என்றாள் அக்கா.

"அது வேற, இது வேற."

சாயங்காலம் ஐயர் வந்தார். எங்கள் பக்கம் சபைக் குருவானவரை அப்படித்தான் கூப்பிடுவோம். காப்பி குடித்தார். வேதாகமத்தைத் திறந்து, தாய் தகப்பனைக் கனம்பண்ண வேண்டும் என்ற கட்டளையைப் பற்றி அக்காவுக்கு அரைமணி நேரம் எடுத்துச் சொன்னார். சில மாதங்களுக்கு முன்னால் இதே ஐயர்தான் லூக்கா 14ஆம் அதிகாரத்தை எடுத்துக்கொண்டு, பெற்ற தாய் தகப்பனைவிடவும் ஆண்டவரை நேசிக்காதவன் அவருடைய சீஷனே இல்லை என்று ஒரு மணி நேரம் முழங்கினார். கட்டட நிதிக்காக நடந்த சிறப்பு ஆராதனை அது.

அது வேற, இது வேற. தமிழ்க் கிறிஸ்தவர்களின் நடைமுறை இறையியல் மொத்தமும் இந்த நான்கு சொற்களில் அடங்கிவிடுகிறது.

கடவுள்மேல் உள்ள அன்பை எல்லாவற்றுக்கும் மேலே வைக்க வேண்டும் என்பது கிறிஸ்தவத்தின் முதல் கட்டளை. நான் அதை நம்புகிறேன். இன்றும் ஞாயிற்றுக்கிழமை ஆலயத்துக்குப் போகிறவன் நான். என் குற்றச்சாட்டு இதுதான்: இந்தக் கட்டளை எந்த இடத்தில் வலிக்குமோ அந்த இடத்திலிருந்து அதைக் கழற்றி, வலிக்காத இடத்தில் மாட்டி வைத்திருக்கிறோம். காணிக்கையில், உபவாசத்தில், அதிகாலை ஜெபத்தில் கடவுளுக்கு முதலிடம். கல்யாணத்தில் சாதிக்கு.

என் தொழிலிலிருந்து ஒன்று சொல்கிறேன். மென்பொருள் வேலையில் ஒவ்வொரு பிழைக்கும் ஒரு முன்னுரிமை எண் கொடுப்பார்கள். எந்தக் குழுவின் பட்டியலைப் பார்த்தாலும் முக்கால்வாசி 'பி ஒன்' என்றுதான் இருக்கும். அதை நம்பி யாரும் வேலை செய்வதில்லை. வெள்ளிக்கிழமை மாலை, இரண்டில் ஒன்றைத்தான் முடிக்க முடியும் என்ற நிலை வரும்போது எதைக் கைவிடுகிறார்களோ, அதை வைத்துத்தான் உண்மையான முன்னுரிமை தெரியும். மோதல் வராதவரை எல்லாமே முதலிடத்தில் இருக்கலாம், யாருக்கும் நஷ்டமில்லை. அப்பாவின் கவர் அவருக்குப் பிரியமான எதோடும் மோதவில்லை. பணம் அவருக்கு அவ்வளவு பெரிய விஷயமே இல்லை. ஊர் பெரிய விஷயம். ஊரோடு கடவுள் மோதிய ஒரே நாளில் கடவுள் தோற்றார்.

இனி மூலத்துக்கு வருவோம். மாற்கு 12இல் ஒரு வேதபாரகர் இயேசுவிடம் வந்து, கட்டளைகளில் முதன்மையானது எது என்று கேட்கிறார். கேட்டது ஒன்று, பதிலில் வருவது இரண்டு. முழு இருதயத்தோடும் கடவுளை நேசிப்பது உபாகமத்திலிருந்து, தன்னைப் போலப் பிறனை நேசிப்பது லேவியராகமத்திலிருந்து. இரண்டையும் ஒரே மூச்சில் சொல்கிறார். கேட்டவருக்கும் அது புரிகிறது. தகனபலிகளையும் மற்ற பலிகளையும்விட இது பெரிது என்று அந்த வேதபாரகரே ஒப்புக்கொள்கிறார். முதல் கட்டளைக்கும் கவருக்கும் உள்ள தூரம் அங்கேயே அளந்து சொல்லப்பட்டுவிட்டது.

அடுத்தது மாற்கு 3. இயேசு ஒரு வீட்டுக்குள் இருக்கிறார், கூட்டம் நெருக்கியடிக்கிறது. தாயும் சகோதரர்களும் வெளியே நின்று ஆள் அனுப்புகிறார்கள். அவர் சுற்றி உட்கார்ந்திருப்பவர்களைப் பார்த்து, கடவுளின் சித்தத்தைச் செய்கிறவர்களே என் தாயும் சகோதரர்களும் என்கிறார். தமிழ் மேடைகளில் இது 'ஊழியத்துக்காகக் குடும்பத்தைத் தியாகம் செய்வது' என்று விளக்கப்படுகிறது. எனக்கு அந்த விளக்கம் போதவில்லை. அவர் குடும்பத்தைத் துறப்பதோடு நிறுத்தவில்லை, 'நம்ம ஆளுக' யார் என்பதற்கு ரத்தம் இனி அளவுகோல் இல்லை என்கிறார். சாதி என்பது வேறென்ன? 'நம்ம ஆளுக' யார் என்று ரத்தத்தை வைத்து வரையப்பட்ட கோடுதான். அந்த வீட்டில் அன்று அழிக்கப்பட்ட கோட்டை நாம் ஞானஸ்நானத் தண்ணீராலேயே திரும்பவும் வரைந்துகொண்டோம்.

லூக்கா 14க்கும் இதுதான் அர்த்தம். தாய் தகப்பனை 'வெறுக்க' வேண்டும் என்று அங்கே வரும் சொல்லைக் கண்டு போதகர்கள் பதறிப்போய், எபிரெய வழக்கில் அதற்குக் 'குறைவாக நேசிப்பது' என்றுதான் பொருள் என்று விளக்குவார்கள். அது சரிதான். ஆதியாகமத்தில் லேயாளைப் பற்றி இதே மாதிரி வருகிறது. மத்தேயு 10இலும் இந்த வசனம் 'என்னைவிட அதிகமாக' என்ற ஒப்பீடாகவே இருக்கிறது. ஆனால் அப்படித் தணித்து வாசித்தாலும் கேள்வி தணிவதில்லை. தகப்பன் ஒரு பக்கமும் கடவுள் இன்னொரு பக்கமும் இழுக்கிற ஒரு சந்தர்ப்பத்தை இந்த வசனம் முன்கூட்டியே எதிர்பார்க்கிறது. ஒரு தமிழ்க் கிறிஸ்தவருக்கு அந்தச் சந்தர்ப்பம் வாழ்நாளில் எப்போது வரும்? ரோமப் பேரரசு இல்லை, சிங்கக் கூண்டு இல்லை. அநேகமாக ஒரே ஒரு முறைதான் வரும். இருபத்தைந்து வயதில், வரவேற்பறையில், கல்யாணப் பேச்சில்.

இங்கே ஒரு நியாயமான பயம் எழும். 'கடவுள் சொன்னார்' என்று ஆரம்பித்து மனிதர்கள் செய்யாத அட்டூழியம் உண்டா? முற்போக்கு நண்பர்கள் இதைத்தான் கேட்கிறார்கள். எதையும் எல்லாவற்றுக்கும் மேலே தூக்கி வைக்காதே, மனுஷனை மனுஷனாக நேசி, போதும் என்கிறார்கள். இந்தப் பயத்தை நான் மதிக்கிறேன், ஏனென்றால் இயேசுவுக்கே அது இருந்தது. மாற்கு 7இல் 'கொர்பான்' என்ற ஒரு ஏற்பாட்டைப் பற்றிப் பேசுகிறார். உங்களுக்குச் செய்ய வேண்டியதைக் கடவுளுக்கு நேர்ந்துவிட்டேன் என்று சொல்லிப் பெற்றோரைக் கைவிடும் ஏற்பாடு. மதப்படி எல்லாம் சரி, கடவுளுக்குத்தான் முதலிடம். அவர் அதைக் கடவுளின் கட்டளையை ரத்துசெய்கிற வேலை என்று சாடுகிறார். ஆக, 'கடவுளுக்கு முதலிடம்' என்பது யோக்கியமற்ற வாக்கியமாகவும் இருக்க முடியும்.

அப்படியானால் யோக்கியமானது எது, கொர்பான் எது என்று எப்படிக் கண்டுபிடிப்பது? யாருடைய செலவில் என்று கேட்டால் போதும் என்று நினைக்கிறேன். என் கீழ்ப்படிதலுக்கான விலையை என்னைவிட பலவீனமான ஒருவர் கொடுக்கிறார் என்றால் அது கொர்பான். அம்மாவின் கம்மலும் அந்தக் கணக்கில்தான் வரும், அதை மறைக்கப் போவதில்லை. மாறாக, விலையை நானே கொடுக்கிறேன், என் மரியாதை, என் ஊர், என் பங்காளிகளின் சிரிப்பு, பந்தியில் எனக்கிருந்த இடம் எல்லாம் போகிறது என்றால் அங்கே கடவுள் இருக்கலாம். அப்பாவுக்கு அந்த விலை கேட்கப்பட்டது. அவர் அதை அக்காவின் கணக்கில் எழுதினார்.

நண்பர்களுக்கு இன்னொன்றும் சொல்ல வேண்டும். கடவுளை அந்த உயரத்திலிருந்து இறக்கிவிட்டால் அங்கே மனிதநேயம் போய் உட்காரும் என்று நினைக்கிறீர்கள். நம் ஊரில் அந்த நாற்காலி ஒரு நாளும் காலியாக இருந்ததில்லை. 2016 மார்ச்சில் உடுமலைப்பேட்டையில் பட்டப்பகலில், ஜனங்கள் பார்த்துக்கொண்டிருக்க, சங்கர் வெட்டிக் கொல்லப்பட்டார். கௌசல்யாவைக் கல்யாணம் செய்ததுதான் காரணம். அந்த அரிவாளுக்குப் பின்னால் இருந்ததும் ஓர் அன்புதான்: 'நம்ம பொண்ணு, நம்ம குடும்பம், நம்ம மானம்.' குடும்பத்தின்மேல் உள்ள அன்புக்கு மேலே எதுவுமே இல்லை என்றால் அது எங்கே போய் நிற்கும் என்பதற்கு நமக்குச் சாட்சி தேவையில்லை. அந்த அன்பைப் பார்த்து 'நீ முதல் இல்லை, உட்கார்' என்று சொல்ல ஒரு குரல் வேண்டும். என்னைப் பொறுத்தவரை முதல் கட்டளை அந்தக் குரல். உங்களுக்கு வேறு குரல் இருந்தால் சந்தோஷம். எங்கள் மேசையில் எல்லோரும் மதிப்பதாகச் சொல்லிக்கொண்டது இந்த ஒரு குரலைத்தான்.

நாங்கள் வெட்டுவதில்லை. அது எங்களுக்குப் பெருமை. நாங்கள் பேசாமல் இருந்துவிடுவோம்.

இது நேற்று வந்த வியாதியும் இல்லை. தஞ்சை வேதநாயக சாஸ்திரியாரை (1774-1864) எடுத்துக்கொள்ளுங்கள். ஷ்வார்ட்ஸ் ஐயரின் மாணவர், இரண்டாம் சரபோஜியோடு பழகியவர், 'பெத்லகேம் குறவஞ்சி' எழுதியவர். கடவுளைத் தலைவனாக வைத்து ஏங்கும் காதலை அவர் அளவுக்கு இனிமையாகப் பாடிய தமிழ்க் கிறிஸ்தவக் கவிஞர் குறைவு. அவருடைய பாட்டுகள் இல்லாமல் எங்கள் ஆராதனை நடக்காது. 1820களின் கடைசியில் புதிதாக வந்த மிஷனரிகள் ஆலயத்திலும் திருவிருந்திலும் சாதி வேற்றுமை கூடாது என்று சொன்னபோது அதை எதிர்த்து எழுதியவரும் அவர்தான். அவருக்கும் நியாயங்கள் இருந்தன. வந்தவர்கள் சாதியோடு சேர்த்துத் தமிழ்ப் பாட்டையும் பழக்கத்தையும் பூவையும்கூடத் துடைத்தெறியப் பார்த்தார்கள், அதில் வெள்ளைக்காரத் திமிர் இருந்தது. ஆனால் கேட்கப்பட்ட கேள்விகளில் ஒன்று எளிமையானது: கீழே என்று நீ நினைப்பவனோடு ஒரே கிண்ணத்தில் குடிப்பாயா? 1833இல் கல்கத்தா பிஷப் டேனியல் வில்சன் சபைக்குள் சாதியை விட்டுவிட வேண்டும் என்று கண்டிப்பாகக் கடிதம் எழுதினார். தஞ்சாவூரில் வேளாளக் கிறிஸ்தவர்கள் பலர் சபையை விட்டே வெளியேறினார்கள். இயேசுவை விடவில்லை, கிண்ணத்தை விட்டார்கள்.

கத்தோலிக்கர் கதை வேறு இல்லை. வடக்கன்குளத்தில் மேல்சாதியாருக்கு ஒன்று, மற்றவர்களுக்கு ஒன்று என இரண்டு பிரிவாக, நடுவில் சுவரோடு கட்டப்பட்ட ஆலயம் இருந்தது. பீடம் மட்டும் பொது. சுவர் இடிக்கப்பட்டதும் அதைத் திரும்பக் கட்டச் சொல்லி உயர்நீதிமன்றம்வரை போனார்கள், தோற்றார்கள். ஆ. சிவசுப்பிரமணியனின் 'கிறித்தவமும் சாதியும்' புத்தகத்தில் இந்த வரலாறு விரிவாக இருக்கிறது. ஒரே கடவுளை இரண்டு பக்கத்திலிருந்தும் உருகி உருகிக் கும்பிட்டவர்கள் அவர்கள். பக்தி குறைவு என்று யாரையும் சொல்ல முடியாது. என் பயமே அதுதான். பக்தி எவ்வளவு பெருகினாலும் சுவர் அப்படியே நிற்க முடிகிறது.

ஐயர்களுக்குப் பிடித்த இன்னொரு பிரசங்கம் ஆபிரகாம். பெற்ற மகனையே பலிகொடுக்கத் துணிந்த விசுவாசம். கீர்க்கெகார்ட் 1843இல் எழுதிய 'அச்சமும் நடுக்கமும்' நூலில் ஓர் இடம் உண்டு. ஆபிரகாமைப் புகழ்ந்து பிரசங்கம் கேட்ட ஒருவன் வீட்டுக்குப் போய் அதேபோலச் செய்ய முயன்றால், பிரசங்கம் செய்தவரே ஓடிவந்து அவனைத் திட்டுவாரே என்று கேட்கிறார். எங்கள் ஐயர்களுக்கு அந்தக் கவலை வேண்டாம். எங்கள் ஊரில் யாரும் மோரியா மலைக்குக் கிளம்பப் போவதில்லை. மகளின் விருப்பத்தைத்தான் பலிகொடுப்போம், அதுவும் ஊருக்கு. அந்தப் பலியைத் தடுக்க எந்தத் தூதனும் வரவில்லை. ஐயர் வந்தார், அவர் கத்தியைத் தீட்டிக் கொடுத்துவிட்டுப் போனார்.

அக்கா 2010இல் பதிவாளர் அலுவலகத்தில் கல்யாணம் செய்துகொண்டாள். இனி என் முறை.

அன்று மாலை அந்தப் பேச்சு நடந்தபோது நான் அடுத்த அறையில் கம்ப்யூட்டர் முன்னால் ஹெட்போன் மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். பாட்டு எதுவும் ஓடவில்லை. எல்லாம் கேட்டது. ஏழு வருடம் கழித்து எனக்குப் பெண் தேடினார்கள். திருமணத் தளத்தில் பதிவு செய்ய அப்பா பக்கத்தில் உட்கார்ந்தார். மதம் என்ற இடத்தில் கிறிஸ்தவம் என்று தேர்ந்தெடுத்ததும் அடுத்த பெட்டியில் சாதிகளின் பட்டியல் விரிந்தது. அந்தப் பட்டியலை நிரலாக எழுதியவனும் என்னைப் போல ஒருவன்தான். நானே அப்படி நூறு பெட்டிகள் எழுதியிருக்கிறேன். அப்பா விரலால் காட்டினார், நான் அழுத்தினேன். 'எதிர்பார்ப்பு' என்ற இடத்தில் 'தேவபயமுள்ள பெண்' என்று எழுதினோம். என் மனைவி நல்லவள், எங்கள் வாழ்க்கை நன்றாக இருக்கிறது, அது இங்கே பேச்சில்லை. மூன்று ஞாயிறு ஓலை வாசித்து, இந்தக் கல்யாணத்துக்கு யாருக்காவது ஆட்சேபம் உண்டா என்று கேட்டார்கள். ஆட்சேபிக்க வேண்டிய ஒருவன் புதுச்சட்டை போட்டுக்கொண்டு முன்வரிசையில்தான் இருந்தான்.

இந்தக் கட்டுரையை எழுதி முடித்துவிட்டு அக்காவுக்குப் போனில் வாசித்துக் காட்டினேன். கடைசிவரை கேட்டாள். "நல்லாத்தான் எழுதியிருக்க. அன்னைக்கு இதுல ஒரு வரி சொல்லியிருந்தா போதும்லா?" என்றாள்.

போதும்தான்.

அதனால் ஊருக்கு உபதேசம் சொல்லும் தகுதி எனக்கு இருப்பதாக நினைக்கவில்லை. கேட்க மட்டும் செய்கிறேன். ஐயர்மாரே, அடுத்த முறை லூக்கா 14 பிரசங்கத்துக்கு வரும்போது தாய், தகப்பன், மனைவி, பிள்ளைகள் என்று பட்டியல் வாசித்துவிட்டு, ஒரு மூச்சு நிறுத்தி, 'சாதி' என்ற சொல்லையும் சேர்த்துச் சொல்லுங்கள். காணிக்கைப் பையில் அந்த வாரம் எவ்வளவு குறைகிறது என்று பாருங்கள். உங்கள் சபையில் யார் முதலிடத்தில் இருக்கிறார் என்பது அந்தக் கணக்கில் தெரிந்துவிடும். இதைப் படிக்கிற, இருபத்தைந்து வயதைத் தொட்டிருக்கிற தம்பி தங்கைகளே, அந்தப் பெட்டி உங்கள் திரையிலும் விரியும். அப்போது பக்கத்தில் ஒரு விரல் நீளும். அந்த விரலுக்கு உரியவரை நீங்கள் நிஜமாகவே நேசிப்பீர்கள். அதனால்தான் அது கஷ்டம். அதனால்தான் அது கட்டளையாகவே சொல்லப்பட்டிருக்கிறது.

அப்பா ஓய்வுபெற்றுவிட்டார். ஓய்வூதியத்திலிருந்து இன்னும் முதல் கவர் போகிறது. அக்காவின் பிள்ளைகளோடு இப்போது பேசுகிறார், கொஞ்சுகிறார். பண்டிகை ஆராதனையில் மருமகன் குடித்த அதே கிண்ணத்தில் அடுத்ததாக இவரும் குடிக்கிறார். அக்கா வீட்டுக்குப் போனால் மட்டும் ஒரு வாய் காப்பிகூட இறங்குவதில்லை. "வயிறு சரியில்ல" என்பார். பதினைந்து வருடமாக அந்த வீட்டு வாசலில் மட்டும் சரியில்லாமல் போகும் வயிறு.

மத்தேயு 5இல் ஓர் இடம் இருக்கிறது. பலிபீடத்தில் காணிக்கை வைக்கும்போது சகோதரனுக்கு உன்மேல் மனத்தாங்கல் உண்டென்று நினைவுவந்தால், காணிக்கையை அங்கேயே விட்டுவிட்டுப் போ, முதலில் அவனோடு ஒப்புரவாகு, காணிக்கை பிறகு என்று. முதலில் எது என்று அவ்வளவு தெளிவாக வரிசை சொல்லப்பட்ட இடம் அது. அப்பா, நீங்கள் எனக்கு மனப்பாடம் செய்துகொடுத்த பகுதிதான்.

அடுத்த மாதம் கவர் ஒரு வாரம் தாமதமாகப் போகட்டும். நாம் இரண்டு பேரும் அக்கா வீட்டுக்குப் போய் ஆளுக்கு ஒரு டம்ளர் காப்பி குடித்துவிட்டு வருவோம்.